இலையும் ஓலையும்: யாழ்ப்பாணத்து இராப்போசனத்தின் சரித்திரம்

யாழ்ப்பாணத்தாருடைய பகற்போசனத்தைப் பற்றி எழுதியோர் பலர்; கலியாணப் பந்தியையும் திருவிழா அன்னதானத்தையும் புகழ்ந்தோரும் பலர். ஆயின், தோட்டத்திலே துலா ஓய்ந்து, கோயிலிலே சாயரட்சை மணி ஒலித்து, படலை சாத்தப்படுகின்ற பொழுதிலே, நாள் முழுதும் உழைத்துக் களைத்த ஒரு பெண் அடுப்பை மூட்டி அரைமணி நேரத்துக்குள்ளே ஆக்கி இறக்கிவிடுகின்ற இராப்போசனத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டென்பதை நினைத்தோர் மிகச் சிலரே. பகலிலே சோறு, இரவிலே பிட்டு அல்லது இடியப்பம், அதுவும் இல்லையேற் கூழ் என்று ஒரு நாளை இரண்டாகப் பிரித்துக்கொண்ட இந்த வழக்கம் நாவின் உருசியினால் மாத்திரம் உண்டானதன்று. மண்ணின் வறுமையும், மழையின் கணக்கும், அரசு செலுத்திய அந்நியர்களின் நிர்ப்பந்தமும், சாதியின் கொடுமையும், யாவற்றுக்கும் மேலாகப் பெண்களின் பிரயாசையும் சேர்ந்து உண்டாக்கிய வழக்கம் அது.

குடாநாட்டிலே ஆறு என்று சொல்லத்தக்கது மாரியில் மாத்திரம் நீரோடும் வழுக்கையாறு ஒன்றே. மற்றெல்லாம் சுண்ணாம்புக் கல்லின்மேற் படிந்த மெல்லிய மண். அக்கல்லைத் துளைத்துத் தோண்டிய கிணறுகளே அதன் உயிர்நிலை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்கின்ற வடகீழ்ப் பருவமழையை நம்பி ஆண்டுக்கொரு போகமே நெல் விளையும். அந்த நெல்லும் சனத்தொகைக்கு ஒருகாலும் போதியதன்று. ஆகவே யாழ்ப்பாணத்தான் துலா மிதித்துக் கிணற்றுநீர் இறைத்துப் புகையிலையைப் பயிரிட்டு, அதைத் திருவிதாங்கூர்ச் சந்தைக்கு அனுப்பி, அந்தப் பணத்தினாலே வன்னி நெல்லையும், பின்னாளிலே பர்மா அரிசியையும் வாங்கியுண்டு ஜீவித்தான். விலைகொடுத்து வாங்கிய அரிசியை இருவேளையும் சோறாக்குதல் ஊதாரித்தனம் என்பது வீட்டுப் பெண்களின் தீர்ப்பு. அந்த அரிசியையே மாவாக்கித் தேங்காய்ப்பூவைக் கலந்து அவித்தால் அதே அளவு மேலும் இரண்டு வயிற்றை நிரப்பும் என்பதை அவர்கள் கையளவினாலே அறிந்திருந்தார்கள். அரிசியே இல்லாத வீட்டுக்குக் குரக்கனும், குரக்கனும் இல்லாத வீட்டுக்குப் பனையும் இருந்தன.

பனையின் உபகாரத்தைச் சொல்லப் புகுந்தால் இக்கட்டுரை அதனோடே முடிந்துவிடும். அதன் பயன்களை 801 என்று எண்ணிக் கணக்கிட்ட ‘தால விலாசம்’ என்னும் பழைய நூலொன்றைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலேய ஆசிரியர்களும் வியந்து எடுத்துக்காட்டியிருக்கின்றார்கள். இராப்போசனத்துக்கு வேண்டிய அளவில் ஒன்றைமட்டும் இங்கே விரித்துச் சொல்லுகின்றேன். ஆடி, ஆவணி மாதங்களிலே பனம்பழம் விழும். அதன் களியைப் பிசைந்தெடுத்துப் பாயிலே ஊற்றி வெயிலில் உலர்த்தினாற் பனாட்டு. எஞ்சிய விதைகளை மழைக்குமுன் பாத்தியிலே அடுக்கி மண்ணிட்டு மூடினால், மாரி நீரை உண்டு அவை முளைவிட்டு, தை மாதமளவிலே கிழங்காகும். கிழங்கைப் பச்சையாகவே கிழித்து வெயிலிற் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தாற் புழுக்கொடியல். ஒடியலை உரலிலிட்டு இடித்து அரித்த மாவிலே இயல்பாகவே ஒரு கைப்பு உண்டு. அந்த மாவை நீரிலே ஊறவைத்து, மேலே தெளிந்த நீரை வடித்து ஊற்றிக் கைப்பைப் போக்கிய பின்னரே கூழுக்கு உதவும். ஆவணியில் விழுந்த பழம் அடுத்த ஆண்டின் ஏதோ ஓர் இரவிலே, மீனும் நண்டும் இறாலும், பயிற்றங்காயும் பலாக்கொட்டையும் மரவள்ளிக் கிழங்கும் முருங்கையிலையும், அரைத்த செத்தல் மிளகாயும் பழப்புளியும் சேர்ந்த கொதிநீரிலே கரைந்து, ஒரு குடும்பம் முழுவதையும் சுற்றியிருத்துகின்ற ஒடியற் கூழாகின்றது. அடுப்பின்மேல் அது இருந்த நேரமோ ஒரு நாழிகைக்குச் சற்று மேல். அதற்குப் பின்னால் நிற்கின்ற காலமோ பல மாதங்கள்.

பிட்டும் அவ்வாறே. அரிசியை ஊறவைத்து, இடித்து, அரித்து, வறுத்து ஆறவைத்த மா பெரிய தகரத்திலே முன்னரே இருக்கும். பின்னாளில் வந்த கோதுமை மாவானால் அதைத் துணியிற் கட்டி ஆவியில் அவித்து, கட்டி உடைத்து, அரித்து எடுத்து வைத்திருப்பார்கள். மிளகாய், மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை என்பனவற்றைத் தனித்தனி வறுத்து இடித்த தூளும் போத்தலிலே ஆயத்தமாயிருக்கும். மீனானாலும் கத்தரிக்காயானாலும் முட்டையானாலும் அந்த ஒரே தூள் கறியாக்கிவிடும். மாலையிலே செய்யவேண்டியது, உப்பிட்ட கொதிநீரை மாவில் விட்டு அகப்பைக் காம்பினாற் கிளறி, பேணியின் விளிம்பினாற் கொத்தி, தேங்காயைத் திருவித் தூவி, நீத்துப்பெட்டியிலே இட்டு ஆவியில் வைப்பது ஒன்றே. ஒருபுறம் பிட்டு வேகும்போது மறுபுறம் சம்பல் இடிபட்டுவிடும், சொதி கொதித்துவிடும். இந்த வேகத்தைக் கண்டு வியக்கின்றவர்கள், அந்த வேகத்தை விலைக்கு வாங்கியது எவருடைய முற்பகல், எவருடைய பிற்பகல் என்று கேட்பதில்லை. ஒல்லாந்தர் காலத்திலே யாழ்ப்பாணத்திற் சமயப்பணி செய்து, 1672ஆம் ஆண்டிலே தமது பெருநூலை வெளியிட்ட பால்டேயஸ் பாதிரியார் கோவிற்பற்றுக்களையும் தேவாலயங்களையும் பள்ளிக்கூடங்களையும் வரிசையாக எழுதி வைத்தார். பின்வந்த ஆங்கிலேய அதிகாரிகள் புகையிலைக் கணக்கையும் பனைமரக் கணக்கையும் எழுதி வைத்தார்கள். உரலடியிலே கழிந்த பொழுதை எழுதிவைக்க ஒருவரும் இல்லை. யாழ்ப்பாணச் சரித்திரத்தின் மிகப்பெரிய குறை இதுவென்றே நான் கருதுகின்றேன்.

இனி இலைக்கும் ஓலைக்கும் வருவோம். இந்த இராப்போசனத்தின் பாத்திரங்களிற் பெரும்பாலானவை நிலத்தில் முளைத்தவை. நீத்துப்பெட்டி பனையோலையாற் கூம்பு வடிவாக இழைத்தது; மா அரிக்கும் பெட்டியும், புடைக்கும் சுளகும், பனங்கட்டி வந்திறங்கும் குட்டானும் ஓலையே. கூழ் குடிக்கும் பிளாவும், இளவோலையை விரித்து மடித்து நுனியைக் கட்டினால் ஒரு கணத்தில் உண்டாகி, குடித்து முடிந்ததும் எறியப்படுவது. ஆடிப்பிறப்பன்று பயறும் தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும் சேர்த்துக் காய்ச்சுகின்ற ஆடிக்கூழுக்குப் பலாவிலையைக் கோலி ஈர்க்கினாற் குத்தியதே கரண்டி. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் (1878–1953) பிள்ளைகளுக்காகப் பாடிய ஆடிப்பிறப்புப் பாட்டினாலே அந்தக் கூழும் கொழுக்கட்டையும் யாழ்ப்பாணத்துக் குழந்தை ஒவ்வொன்றுக்கும் மனப்பாடமாயின. சோற்றுக்கும் பிட்டுக்கும் வாழையிலை. தோட்டத்துக்கும் கடலுக்கும் போகின்றவனுக்கு, தணலிலே வாட்டி வளையும் பதமாக்கிய வாழையிலையிற் பொதிந்து கட்டினால், அந்தப் பொதியை அவிழ்க்கும்போது எழுகின்ற மணம் வேறெந்தப் பாத்திரத்திலும் வராது.

கீழைத்தேசங்கள் யாவற்றிலும் இலைக்கும் உணவுக்கும் இப்படியொரு சம்பந்தம் உண்டு. கொரியாவிலே சுட்ட மாட்டிறைச்சியைச் சோற்றோடும் சோயா அவரைப் பசையோடும் பச்சைச் சலாத்து இலையில் வைத்து மடித்து ஒரே வாயாக உண்பார்கள். வியட்நாமிலே வெற்றிலைக் கொடியின் இனத்தைச் சேர்ந்த ஓர் இலையிலே கொத்திய மாட்டிறைச்சியைச் சுருட்டித் தணலில் வாட்டுவார்கள். இலங்கையிலேயே ஒல்லாந்தப் பறங்கியர் வீடுகளில், இறைச்சிக் கறிகளையும் சோற்றையும் வாழையிலையிற் பொதிந்து போறணையிற் சூடேற்றும் லம்பிறைஸ் என்னும் உணவு உண்டு. அதன் மூலம் யாவாத் தீவு என்று சொல்லுவார்கள். யாழ்ப்பாணத்தில் இலை பாத்திரமாக நின்றது, அல்லது முருங்கையிலை, முசுட்டையிலை என்று வறையாகிக் கறியோடு சேர்ந்தது. உள்ளே பொருள் வைத்துப் பச்சையாக மடித்து வாயிலிடும் இலை, இராப்போசனம் முடிந்தபின் தட்டத்திலே வருகின்ற வெற்றிலை ஒன்றே. இலையிலே மடித்த மாட்டிறைச்சி என்ற ஒன்று இங்கே பெரும்பாலாருக்கு வழக்கமாகாததன் காரணத்தைத் தேடினால், நானூறு ஆண்டுகளுக்குமுன் நிகழ்ந்த ஒரு கொடுமையின் ஞாபகம் எதிர்ப்படுகின்றது.

1619ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயத் தளபதி பிலிப் தெ ஒலிவேறா யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றினான். கடைசி அரசனாகிய சங்கிலி கோவாவுக்குக் கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்டான். 1621இலே நல்லூர்க் கந்தசுவாமி கோயில் தரைமட்டமாக்கப்பட்டது. அக்காலத்திலே, படைத் தலைவர்களின் போசனத்துக்காக ஒவ்வொரு வீட்டாரும் முறைவைத்து ஒவ்வொரு பசுவைக் கொடுக்கவேண்டுமென்று கட்டளை பிறந்ததாகக் கர்ணபரம்பரைக் கதை கூறும். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி என்னும் ஊரிலே வாழ்ந்த ஞானப்பிரகாசர் என்னும் இளைஞருடைய வீட்டுக்கும் அந்த முறை வரவிருந்தது. தாம் வளர்த்த பசுவைக் கொலைக்குக் கொடுக்க மனம் பொறாத அவர், அந்த முறை வருமுன் இரவோடிரவாக ஊரை விட்டுக் கடல் கடந்து, வங்கமாகிய கௌட தேசத்திலே வடமொழி கற்று, திருவண்ணாமலை ஆதீனத்திலே துறவு பூண்டு, சைவாகமங்களுக்கும் சிவஞான சித்தியாருக்கும் உரை வகுத்த ஞானப்பிரகாச முனிவரானார். சிதம்பரத்திலே அவர் பெயரால் வழங்கும் ஞானப்பிரகாசக் குளம் இன்றும் உண்டு. ஒரு வேளை இறைச்சிக்காக விதிக்கப்பட்ட ஒரு கட்டளை, ஒரு சித்தாந்த ஆசிரியரையும் ஒரு திருக்குளத்தையும் தமிழ்நாட்டுக்குக் கொடுத்தது என்று நினைக்கும்போது மனம் நெகிழ்கின்றது. கதையின் ஒவ்வோர் உறுப்பும் சாசனத்தினால் நிறுவப்பட்டதன்று. ஆயினும் ஒரு சனத்தொகுதி தன் சமையலறையிலே எதை ஏற்றது, எதை விலக்கியது என்பதற்குச் சாசனத்தைக் காட்டிலும் ஐதிகமே அதிகம் விடைசொல்லும்.

அதே காலத்தைப் பற்றிய இன்னோர் ஐதிகம் இலையைப் பற்றியது. கோயில்கள் இடிக்கப்பட்டு, சைவ ஆசாரம் வெளிப்படையாக அனுட்டிக்கத் தகாததான அந்நாட்களிலே, விரதகாரர் வாழையிலையில் உண்டு எழுந்தபின், எச்சில் இலையை வெளியே எறிந்தால் அது விரதத்துக்குச் சாட்சியாகிக் காட்டிக்கொடுத்துவிடும் என்று அஞ்சி, அதை மடித்துக் கூரையின் இறப்பிலே ஓலைகளுக்கிடையிற் செருகி மறைத்தார்களாம். காவலர் வந்து பார்த்தால் முற்றத்திலே ஒன்றும் இராது, அடுப்பும் ஆறியிருக்கும். ஒல்லாந்தர் 1658இலே கோட்டையைப் பிடித்தபின்னரும் ஆலயங்களுக்கு விடுதலை உடனே கிடைக்கவில்லை. ஆகவே இந்த ஒளிப்பு ஒரு தலைமுறையோடு நின்றிராது. அச்சம் நீங்கி நெடுங்காலத்துக்குப் பின்னரும், விரதம் முடிந்த நாளிலே உண்ட இலையை இறப்பிற் செருகுகின்ற வழக்கம் சில வீடுகளிலே தொடர்ந்து வந்தது. செய்தவர்களுக்கே காரணம் மறந்துபோயிற்று, கை மறக்கவில்லை. யாழ்ப்பாணத்தின் அடக்குமுறைக் காலத்துக்குக் கோட்டை மதிலைக் காட்டிலும் இந்த இலையே எனக்குப் பெரிய சாட்சியாகத் தோன்றுகின்றது.

அந்நியர் கொண்டுவந்தவற்றை யாழ்ப்பாணத்து அடுப்பு முழுவதும் தள்ளிவிட்டதென்று சொல்லுதல் நீதியாகாது. போர்த்துக்கேயர் புதிய உலகத்திலிருந்து ஆசியாவுக்குக் கொண்டுவந்த மிளகாய் இல்லாமல் இன்று சம்பலும் இல்லை, தூளும் இல்லை. 1786இலே ஒல்லாந்த ஆளுநர் வான் டி கிராவ் மொரீசியசிலிருந்து இலங்கைக்கு வருவித்ததாகச் சொல்லப்படும் மரவள்ளி, பஞ்சகாலத்திலே ஏழையின் சோறாயிற்று; ஒடியற் கூழிலும் இடம்பெற்றது. விளைபொருளை வரவேற்றார்கள், நிர்ப்பந்தத்தை மாத்திரம் மறுத்தார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இந்த மறுப்புக்குச் சாஸ்திர உருவம் கொடுத்தவர் நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879). 1816ஆம் ஆண்டு முதல் குடாநாட்டில் வேரூன்றிய அமெரிக்க மிஷனாரின் பள்ளிக்கூடங்களுக்கு எதிராக 1848இலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய அவர், தாம் எழுதிய பாலபாடத்திலே கொலையையும் புலாலுண்ணலையும் கள்ளுண்ணலையும் மகாபாவங்களாக எடுத்துச் சிறுவர் மனத்திற் பதியச் செய்தார். கடல் சூழ்ந்த நாட்டிலே மீனை முழுவதும் விலக்கச் செய்ய அவராலும் இயலவில்லை. ஆயினும் வெள்ளிக்கிழமையும் விரதநாளும் மச்சம் தீண்டாத நாட்களாக வீடுதோறும் உறுதிப்பட்டன. சைவச் சட்டி வேறு, மச்சச் சட்டி வேறு என்ற பிரிவு அடுக்களையிலே நிலைத்தது. அதே நாவலர் 1877ஆம் ஆண்டுப் பஞ்சத்திலே கஞ்சித்தொட்டித் தருமம் நடத்திப் பசித்தோருக்குக் கஞ்சி வார்த்தார் என்பதையும் இவ்விடத்திலே சொல்லாமல் விடலாகாது.

ஆயினும் யாழ்ப்பாணம் சைவர்களுக்கு மாத்திரம் உரியதன்று. குருநகரிலும் பாசையூரிலும் கத்தோலிக்க வீடுகளிலே மாட்டிறைச்சி ஞாயிற்றுக்கிழமைக் கறியாக நெடுங்காலம் வழங்கி வருகின்றது. முஸ்லிம்களுடைய சோனகதெருவிலே, கறுவாவும் ஏலமும் கராம்பும் மணக்க, நீர் சுண்டும்வரை பிரட்டி இறக்கிய மாட்டிறைச்சியைப் பிட்டோடும் இடியப்பத்தோடும் உண்ணுகின்ற இராப்போசனம் இந்நாட்டுக்கு எவ்வகையிலும் அந்நியமானதன்று. பிட்டு அதே பிட்டு, தூள் அதே தூள். கத்தோலிக்கருக்கும் வெள்ளிக்கிழமை இறைச்சி விலக்கிய நாளாகையால், வாரத்தில் ஓரிரவிலே சிவன் கோயிலடியிலும் மாதா கோயிலடியிலும் இறைச்சிச் சட்டி அடுப்பேறாது என்பதை எண்ணிப் பார்க்கின்றவர், இந்தச் சமூகங்களின் ஆசாரங்கள் எத்துணை அருகருகே நடந்தன என்பதை உணர்வார். அறிஞர் ஏ. எம். ஏ. அசீஸ் போன்றோரைத் தந்த அந்தச் சோனகச் சமூகம் முழுவதும், 1990 ஒக்டோபர் 30ஆம் நாள், இரண்டு மணி நேர அவகாசத்திலே, விடுதலைப் புலிகளால் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டது. ஒரு தெரு முழுவதிலும் அன்று அடுப்புகள் அணைந்தன. அதற்குச் சரியாக ஐந்து ஆண்டுகள் கழிந்து 1995 ஒக்டோபர் 30இலே, வலிகாமத்தார் யாவரும் போருக்கு அஞ்சிக் கொட்டும் மழையிலே தென்மராட்சியை நோக்கி நடந்தார்கள். முதல் வெளியேற்றத்தைப் பார்த்து மௌனமாயிருந்த ஊருக்கு இரண்டாவது வெளியேற்றம் என்ன சொல்லிற்று என்பதை யாழ்ப்பாணத்தார் தம்முள்ளே கேட்டுக்கொள்ளுதல் கடமை.

இலையின் சரித்திரத்திலே இன்னுமொரு பக்கம் உண்டு; அதை எழுதும்போது கை கூசினாலும் எழுதியே தீரவேண்டும். உண்டபின் எறியப்படுவதாகிய இலையின் குணம் விரதகாரருக்கு அரணாயிருந்தது போலவே, சாதியாசாரத்துக்கும் கருவியாயிற்று. தோட்டத்திலும் வளவிலும் உழைத்த தாழ்த்தப்பட்ட மக்களுக்கு வீட்டுக்காரர் தம் செம்பையும் மூக்குப்பேணியையும் கொடாமல், பிளாவிலும் சிரட்டையிலும் முற்றத்திலே வார்த்தார்கள்; அவை எறியப்படலாம், கழுவவேண்டியதில்லை என்பதே நியாயம். கூழின் உருசியைப் பாராட்டும்போது, பிளாவிலே குடித்த இருவரில் ஒருவன் பிரியத்தினாலும் மற்றவன் வேறு வழியின்மையினாலும் குடித்தான் என்பதை மறைத்தல் தகாது. 1924இலே தோன்றி, 1927இலே காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்துவந்த வாலிபர் காங்கிரஸ், சாதி வேற்றுமையின்றி ஒரே பந்தியில் உண்ணும் சமபோசனத்தைத் தன் மாநாடுகளிலே நடத்திக் காட்டியது. பாடசாலைகளிலே மாணவர் யாவரும் சமமாய் இருக்கவேண்டும் என்ற சம ஆசன விதி 1929இலே வந்தபோது, அதைப் பொறாதவர்கள் பள்ளிக்கூடங்களுக்குத் தீயிட்டார்கள். அதற்குப் பின்னும், தேநீர்க் கடைகளிலே சமமான பேணியும் சமமான வாங்கும் பெறுவதற்காகவே ஒரு நீண்ட போராட்டம் நடத்தவேண்டியிருந்தது. 1957ஆம் ஆண்டுச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டத்தின் பின்னரும் அது முடிந்தபாடில்லை. ஒரு குவளைத் தேநீருக்காக மனிதர் அடிபட்ட சரித்திரத்தைப் பேசாமல் இந்நாட்டின் போசனத்தைப் பற்றிப் பேசுதல் பாதிப் பேச்சேயாகும்.

இருபதாம் நூற்றாண்டின் பயணங்களும் பஞ்சங்களும் இராப்போசனத்தை மேலும் மாற்றின. 1905இலே கொழும்போடு புகையிரதப் பாதை இணைந்ததும், லிகிதர் உத்தியோகம் பெற்றுத் தெற்கே போன யாழ்ப்பாணத்தான் வாழையிலைப் பொதியையும் மிளகாய்த்தூட் போத்தலையும் உடன்கொண்டே போனான். 1956இலே யாழ்தேவி ஓடத் தொடங்கிய பின்னர் அந்தப் பொதிகளின் போக்குவரவு இன்னும் பெருகிற்று. 1942இலே பர்மா யப்பானியர் கைப்பட்டு அரிசி வரவு நின்றுபோகவே, பங்கீட்டு அட்டையின்படி கிடைத்த கோதுமை மா பிட்டுக்குள்ளே புகுந்தது. அதை அப்படியே நனைத்தாற் பசையாகிவிடும் என்று கண்டு, முதலில் ஆவியில் அவித்து அரித்துக்கொள்ளும் உபாயத்தைக் கைக்கொண்டவர்கள் இந்தப் பெண்களே. அந்தப் புத்தியே இன்றுவரை யாழ்ப்பாணப் பிட்டையும் இடியப்பத்தையும் தாங்கி நிற்கின்றது. 1970 முதல் 1977 வரை இறக்குமதி கட்டுப்பட்டிருந்த காலத்திலே, மிளகாயும் வெங்காயமும் பயிரிட்ட தோட்டக்காரன் செழித்தான். மா கிடையாத வீடுகள் குரக்கனுக்கும் மரவள்ளிக்கும் மீண்டன. 1990க்குப் பின் பொருளாதாரத் தடையும் மின்சாரமின்மையும் சேர்ந்தபோது, வெற்று ஜாம் போத்தலிலே சிறிது பஞ்சையும் சிறிது மண்ணெண்ணெயையும் இட்டு ஏற்றிய விளக்கொளியிலே, பொழுது படுமுன் ஆக்கி, பொழுது பட்டதும் உண்டு முடிப்பதே இரவு ஆசாரமாயிற்று. அந்த ஆண்டுகளிலே பனை மீண்டும் பெரிய உபகாரியானது. ஷெல் வீச்சினாலும் காவலரண் அமைப்பதற்காகவும் எண்ணிறந்த பனைகள் தறிக்கப்பட்டதும் அதே ஆண்டுகளிலேதான்.

போர் விரட்டிய யாழ்ப்பாணத்தார் இப்போது ரொறன்ரோவிலும் லண்டனிலும் பரிஸிலும் இருக்கின்றார்கள். அங்கே வேலைமுடிந்து இரவு ஏழு மணிக்கு வீடு வருகின்ற ஒரு தாய், கொத்திய மாட்டிறைச்சியை இஞ்சி, உள்ளி, சோயாச் சாறு இட்டுப் பிரட்டிச் சலாத்து இலையிலே மடித்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பாளாயின், அவள் தன் மரபை விட்டுவிட்டாள் என்று வருந்துவோர் உண்டு. எனக்கு அந்த வருத்தம் இல்லை. முன்னோர்க்கும் இரவு நேரம் குறுகியதாகவே இருந்தது. அவர்களும் கைக்குக் கிடைத்த மாவையும் இலையையும் கொண்டே பிள்ளைகளின் பசியாற்றினார்கள். வேறுபாடு ஒன்று உண்டு, அதை மறந்துவிடலாகாது. அங்கே அந்த விரைவுக்கு வேண்டிய முன்னுழைப்பைத் தொழிற்சாலையும் கடையும் செய்து கூலி பெறுகின்றன; குளிரூட்டிப் பொதிசெய்த பிட்டும் அங்குள்ள தமிழ்க் கடைகளிலே விற்கப்படுகின்றது. ஊரிலே அதே உழைப்பைச் செய்த பெண்ணுக்கு எவரும் கூலி கொடுத்ததில்லை.

குடாநாட்டிலே இடைக்காலத்தில் இலையின் இடத்தைப் பொலித்தீன் தாள் பிடித்தது. உணவுப் பொதிக்கான அந்தத் தாளை அரசாங்கம் 2017 செப்டெம்பர் முதலாந் தேதி தடைசெய்த பின்னர், சில கடைகளிலே வாழையிலை மீண்டும் காணப்படுகின்றது. 1978இலே நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபை ஓலைக் கைப்பணிக்கும் ஒடியல்மாவுக்கும் சந்தை தேடி வருகின்றது. இவற்றைக் காட்டிலும் என் மனத்துக்கு உவந்தது, திருநெல்வேலியிலும் வவுனியாவிலும் வடமாகாண விவசாயத் திணைக்களத்தின் ஆதரவிலே பெண்கள் நடத்துகின்ற அம்மாச்சி உணவகம். குரக்கன் பிட்டும், ஒடியற் கூழும், தோசையும், இலைக்கஞ்சியும் அங்கே உண்போரின் கண்முன்னே ஆக்கப்படுகின்றன; ஆக்குகின்றவள் தன் பண்டத்துக்குத் தானே பணம் பெறுகின்றாள். மாலை வேளையிலே அங்கே வரிசையில் நிற்கின்றவர்களுள் பல்கலைக்கழக மாணவரும், உத்தியோகத்தரும், கூலிவேலை முடித்து வருவோரும் உண்டு. யாவருக்கும் ஒரே வாங்கு, ஒரே கோப்பை, ஒரே விலை.